கம்பெனி சாமான்

லூதியானா நகரப் பெருமக்களுக்கு மிக முக்கியமான அறிவிப்பு: ஜக்மோகன் கோஸ்லா அவர்களின் காருக்குள், கார் கம்பெனியின் முத்திரை இல்லாத ஒரு திருகாணிகூட இனி நுழையாது. அறிவித்தவர் அவரே. கேட்டவர், அவர் முதன்முறையாக வந்திருந்த பட்டறையின் மெக்கானிக் நிர்மல் சிங் மட்டும்தான்.

"நாளைக்குக் குடும்பத்தோட சிம்லா போறேன். பிரேக் பேட் மாத்தணும். கம்பெனி சாமான்தான் போடணும்."

"அது வர மூணு நாளாகும் கோஸ்லா ஜி. இந்தச் சிவப்புப் பெட்டியைப் பாருங்க. நம்ம ஊர்லயே செய்யுறது, பாதி விலை."

கோஸ்லா பெட்டியைத் தொடக்கூட இல்லை. "பயணத்தை வேணா தள்ளி வைக்கிறேன். இது வேணாம்."

நிர்மலுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நம்ம ஊர்ச் சரக்குன்னா அவ்வளவு இளப்பமா? ஊர்ல பாதி டாக்ஸி இதுலதான் ஓடுது. ஒருத்தன் வந்து குறை சொன்னதில்ல!"

"யார் வண்டியில ஓடினா எனக்கென்ன? என் வண்டிக்கு வேணாம்."

"என் வண்டியிலயும் இதான் இருக்கு. என் பொண்டாட்டி பிள்ளைங்க அதுலதான் குருத்வாராவுக்குப் போறாங்க. நான் என்ன பைத்தியக்காரனா?"

கோஸ்லாவின் முகம் மாறியது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சர்தார்ஜி, அதை இன்னிக்கே கழட்டிடுங்க."

"ஏன்? இதைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

சிவப்புப் பெட்டிச் சரக்கைச் செய்து ஊரெல்லாம் விற்கும் தொழிற்சாலை கோஸ்லாவுடையது.