நாற்பதாவது கண்ணி

கான்வென்ட் பார்லரின் ஜூபிலி காலண்டர்மேல் காலை வெயில் ஜன்னல் கம்பிகளாக விழுந்திருக்கிறது. ஸ்பெயினிலிருந்து வந்த மதர், பென்சிலைப் பட்டியலின்மேல் நகர்த்துகிறார். ஒன்றோடொன்று குழப்பும் ஆங்கிலச் சொற்கள், நாற்பது ஜோடி. அத்தனையையும் ஸ்பானிஷில் சரியாகச் சொன்னால் சிஸ்டர் பிரிஸ்கில்லா அங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸாகச் சேரலாம். ஒன்று தப்பினாலும் அடுத்த வருஷம்தான். “பிரிங், டேக்” என்கிறார் மதர். “த்ராயெர், யெவார்” என்கிறாள் பிரிஸ்கில்லா. “பியென்.” வராந்தாவில் அந்த ஒரு பாராட்டுச் சொல்லுக்கே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மா ஆனந்தமேரி, மடியிலிருந்து நான்கு மல்லிகை மொட்டுகளை எடுத்து, எதிரெதிராக வைத்து, நாரைச் சுண்டி இறுக்குகிறாள். லீவுக்கு நிலக்கோட்டை வீட்டுக்கு வந்த மகள் படித்ததும் இப்படித்தான்: ஒரு ஜோடிக்கு ஒரு கண்ணி, தப்பினால் பிரித்துக் கட்டு. இப்போது கடைசி ஜோடி. “ஹியர், லிசன்.” காதில் விழுவது ஒன்று, காதுகொடுத்துக் கேட்பது இன்னொன்று. மின்விசிறி முனகுகிறது. அம்மாவின் விரலிடுக்கில் மொட்டுகள் அப்படியே நிற்கின்றன. மேசைக்கடியில் மகளின் வெறும் விரல்கள், இல்லாத நாரைச் சுற்றி, இல்லாத மொட்டுகளை இறுக்குகின்றன. “ஒயிர்... எஸ்குச்சார்!” மதர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கிறார். “பியென்!” வராந்தாவிலிருந்து ஜன்னல் கம்பிகளுக்கிடையே, அம்மாவின் கையில் ஈரம் சொட்டச் சொட்ட ஒரு சரம் நீள்கிறது. “நாப்பதும் கட்டியாச்சு மதர்! ஒண்ணைக்கூடப் பிரிக்கல. வேணும்னா எண்ணிப் பாத்துக்கங்க!”