பதினாறில் ஒன்று

இடி இன்னும் தொலைவில்தான் இருக்கிறது. ஆனாலும் எங்கள் ஒக்லஹோமா கார் கொட்டகையின் இழுப்பறைகளுக்குள் ஆண் பாம்புகள் அதற்குள் அலையத் தொடங்கிவிட்டன. புயல் வருகிற நாளில்தான் ஜோடி சேர்க்க வேண்டும் என்பது இங்கே பாம்பு வளர்க்கிற எல்லோருக்கும் தெரியும். என் கணவன் பாய்டின் முழங்கையைச் சாதாரணப் பழுப்பு நிற ஆண் மலைப்பாம்பு ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் அப்பா மஞ்சள், அம்மாவுக்கு உடம்பெல்லாம் வெள்ளைத் திட்டு; அந்த இரண்டு நிறங்களும் வெளியே தெரியாமல் அதன் ரத்தத்தில் ஒளிந்திருக்கின்றன. "மஞ்சக்காரிகிட்டயே விடுவோம். பாதிக் குட்டியாவது மஞ்சளாப் பொறக்கும்," என்கிறான். நான் கீழ் இழுப்பறையைத் திறக்கிறேன். அங்கே அதே இரண்டு நிறங்களையும் ரத்தத்தில் ஒளித்து வைத்திருக்கும் பழுப்புப் பெண் பாம்பு சுருண்டு கிடக்கிறாள். "இவகிட்ட விட்டா மஞ்சளும் வெள்ளையும் ஒரே குட்டியில சேர்ந்து வரலாம். அதோட விலையே வேற." "பதினாறுல ஒன்னு, லோர்னா. இவ போடுறதே ஆறு முட்டை. அதுக்கு லாட்டரிச் சீட்டு தேவலை." "உன்னைக் கட்டிக்கிட்டப்பவே வாங்கிட்டேன். பரிசுதான் விழல." சிரிப்பை அடக்கிக்கொண்டு அவன் ஆண் பாம்பை மேல் இழுப்பறையிலிருக்கும் மஞ்சள் பெண் பாம்பிடம் விடுகிறான். அது அவளை ஏறெடுத்தும் பார்க்காமல் மூலையில் போய்த் தலையை முட்டுகிறது. நான் அதைத் தூக்கிக் கீழ் இழுப்பறையில் விடுகிறேன். நாக்கு ஒருமுறை வெளியே வந்து போகிறது. பிறகு மெல்ல அவள் முதுகில் ஏறுகிறது. தகரக் கூரையில் முதல் துளிகள் விழும்போது வால்கள் இரண்டும் முறுக்கிக்கொள்கின்றன, எது யாருடையது என்று தெரியாதபடி. பாய்டின் விரல்கள் என் மணிக்கட்டை வலிக்க வலிக்க இறுக்குகின்றன. "பதினாறுல ஒன்னு," என்கிறான், தேவாலயத்தில் பேசுகிற குரலில்.