சபைக்கு ஆகாத சொல்

வெள்ளவத்தைத் தத்துவக் கழகத்தின் சின்ன மண்டபத்தில் பின்னேர வெயில் மேசை விரிப்பின்மேல் விழுந்து கிடக்கிறது. மலேரியாவில் செத்த பிள்ளைகள் முற்பிறப்பு வினையைத்தான் அனுபவித்தார்கள் என்று தேனொழுகப் பேசி முடித்த, நீதிமன்றத்தில் வாதாடும் அப்புக்காத்தர் நல்லசேகரம், கைக்குட்டையால் வாயை ஒற்றுகிறார். சபை கை தட்டுகிறது. மறுத்துப் பேச எழும்புகிறார் கிளாக்கர் கதிர்காமு. மலேரியா அவருடைய மூன்று வயது மகளைக் கொண்டுபோய் நாற்பது நாள்தான் ஆகிறது. பேசியவரை முதலில் புகழ வேண்டும், பிறகே மறுக்கலாம் என்பது கழகத்து வழக்கம். “பெருமதிப்புக்குரிய…” என்று தொடங்கும்போதே அவருக்கு வாய் கசக்கிறது. “ஐயா, வடிவாக் கதைச்சியள். ஆனா கதைச்சது அழுகல் கதை. என்ர பிள்ளை என்ன பாவம் செய்தவள்? சொல்லுங்கோ பாப்பம்.” தலைவர் மணியை அடிக்கிறார். “கதிர்காமு, இது சந்தையில்லை. அழுகல் எண்டதை வாபஸ் வாங்கும்.” “பரவாயில்லை, விடுங்கோ,” என்று அப்புக்காத்தர் சிரிக்கிறார். “மனுசன் கவலையிலை கதைக்கிறார், பாவம். ஒரு தேத்தண்ணி குடுங்கோ.” யாரோ கோப்பையை நீட்டுகிறார். ஆடை படிந்த அந்தத் தேத்தண்ணியைக் கதிர்காமு குடிக்காமல் மேசையில் தள்ளி வைக்கிறார். பக்கத்தில் செயலாளர் கூட்டக் குறிப்பில் ‘அழுகல்’ என்ற சொல்லை மட்டும் கவனமாக வெட்டுகிறார். செத்த பிள்ளைகளின் வினையைப் பற்றிய வரி, முத்து முத்தான கையெழுத்தில், அப்படியே இருக்கிறது.