விற்றது யார்?

"சூதாட்டத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? சொல்லுங்கோ பாப்பம்."

மனைவி வள்ளிநாயகி கேட்டதும் விநாசித்தம்பிக்குக் கோபம் வந்தது.

"துறைமுக ஆபீசில கணக்குப் பாத்தே தலை நரைச்சவன் நான். எனக்குத் தெரியாதோ?"

ஓய்வு பெற்றபோது வந்த தொகை, மகளின் டாக்டர் படிப்புக்கென்று வைத்திருந்தது. அதைப் பாமாயில் வியாபாரத்தில் போட்டு இரட்டிப்பாக்கிவிடலாம் என்பது அவர் எண்ணம்.

மறுநாளே பீச் ஸ்ட்ரீட் தரகர் அலுவலகத்தில் கணக்குத் திறந்தார். தரகர் அர்ஜுனன் பொறுமையாக விளக்கினார்.

"மூணு மாசம் கழிச்சு வரப்போற பாமாயிலுக்கு இன்னைக்கே வெல பேசிக்கிறோம் ஐயா. முழுப் பணம் வேணாம், முன்பணம் போதும். வெல ஏறுனா லாபம். எறங்குனா முன்பணம் கரையும், மறுபடி கட்டணும். மொதல்ல சின்னதா ஆரம்பிங்க லா."

"ஏறும் தம்பி. நான் நாள் தவறாமல் பேப்பர் படிக்கிறனான்."

வீட்டுக்கு வந்ததும் ஹாலில் இருந்த போனில், "வாங்கு தம்பி!" என்று உரக்கச் சொன்னார். விலை கொஞ்சம் ஏறியது. "இன்னும் வாங்கு!" என்றார்.

வள்ளிநாயகி அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அடங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு விலை சரியத் தொடங்கியது. முன்பணம் கேட்டு போன் மேல் போன். கட்டினார். மறுபடி கட்டினார். கடைசியில் கட்ட ஒன்றும் மிஞ்சவில்லை. அர்ஜுனனிடம் ஓடினார்.

"என்ர காசெல்லாம் எங்க போச்சுது?"

"நீங்க வாங்குனப்ப யாரோ வித்திருப்பாங்க ஐயா. ஒங்க நட்டம் அவங்களுக்கு லாபம்."

"ஆர் அது?"

"அத நான் சொல்லக்கூடாது." அர்ஜுனன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஒரு பிள்ளையிட படிப்பைத் தின்னுற சனமும் இருக்குதே!"

வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. எஸ்பிளனேட் கடற்கரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். வள்ளிநாயகியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"பிள்ளையிட முகத்தில எப்பிடி முழிப்பன்?"

அவள் குரலை உயர்த்தவில்லை.

"அவள் படிக்கப் போவாள். காசு இருக்கு."

"எங்க?"

"அர்ஜுனன் தம்பியிட்டத்தான். நானும் அங்க ஒரு கணக்குத் திறந்தனான். நீங்கள் வாங்கச் சொல்லிப் போனை வைச்ச ஒவ்வொரு தரமும், நான் எடுத்து அதேயளவு விக்கச் சொன்னனான். முன்பணத்துக்கு என்ர நகையளைக் குடுத்தன். நீங்கள் விட்டதெல்லாம் என்ர கணக்கில வந்து கிடக்கு."

விநாசித்தம்பி நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். பிறகுதான் அவருக்கு ஒன்று உறைத்தது.

"விலை ஏறியிருந்தா? உம்மட நகை முழுக்கப் போயிருக்குமே!"

"போயிருக்கும்," என்றாள் வள்ளிநாயகி. "நீங்கள் கெட்டிக்காரன் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சிருப்பியள். நான் வாயே திறந்திருக்க மாட்டன்."