கடுக்கன் கேலி செய்த பேஸ்மேக்கர்

உங்களோடு சேர்ந்து எரிந்துபோகக் கூடாதது எது என்று என்றைக்கேனும் எண்ணிப் பார்த்ததுண்டா?

மின்மயான வாசலில், இறந்துபோன சாத்தப்பனின் காதிலிருந்து கடுக்கனைக் கவனமாகக் கழற்றினார்கள். அவர் நெஞ்சுக்குள் இருந்து இதயத்தைச் சீராகத் துடிக்கவைத்த பேஸ்மேக்கரைப் பார்த்துக் கடுக்கன் சிரித்தது.

"தங்கத்தை யாராவது மறப்பார்களா? நீதான் பாவம் தம்பி, உள்ளே போகப்போகிறாய்."

"நான் போவது இருக்கட்டும் அண்ணா. சூட்டில் என் மின்கலம் வெடிக்குமே!"

"வெடிப்பாயா?" என்று உலை அலறியது. "ஐயோ, என் செங்கல்லெல்லாம் சிதறிவிடும்!"

அப்போது சாத்தப்பனை அப்பச்சி என்றழைக்கும் மகள் மீனாள் முன்னே வந்தாள். "கொஞ்சம் பொறுங்கள். அப்பச்சி நெஞ்சில் பேஸ்மேக்கர் இருக்கிறது. அதை எடுத்து இன்னோர் உயிருக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்."

உடல் மருத்துவமனைக்குத் திரும்பியது, கருவியை எடுத்தார்கள். கடுக்கன் இரும்புப் பெட்டிக்குள் போய்ப் படுத்தது. பேஸ்மேக்கரோ, தூய்மை செய்யப்பட்டு, மயங்கி மயங்கி விழுந்துகொண்டிருந்த ஒரு நாயின் நெஞ்சில் குடியேறியது. அந்த நாய் இப்போது காக்கைகளைத் துரத்துகிறது.

ஓடும் நாய்க்குள்ளிருந்து பேஸ்மேக்கர் மகிழ்ச்சியோடு சொல்கிறது: "சாத்தப்பன் வாய்திறந்து சொன்னதால் நான் துடிக்கிறேன். என் இனத்தாரை நெஞ்சில் சுமப்பவர்களே, நாளைக்கென்று தள்ளாதீர்கள். இன்றே, சாப்பிட உட்காரும்போதே, வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள்!"