வெள்ளிக்கிழமைப் படகு

"இன்னும் எவ்வளவு நேரமண்ணை? காத்து எழும்புது, தெரியேல்லையோ?"

நெடுந்தீவுப் படகுக்குள் இருந்து மேரிஜோசப்பின் என்ற பெண் போட்ட சத்தம் குறிகட்டுவான் இறங்குதுறை முழுக்கக் கேட்டது. காய்ச்சல்காரப் பிள்ளை அவள் மடியில் முனகிக்கொண்டு கிடந்தது.

"கொஞ்சம் பொறும் தங்கச்சி. ஒராள் வரவேணும்," என்றார் படகோட்டி தயாபரன், வீதியைப் பார்த்தபடியே.

கொட்டகைத் தூணுக்குப் பின்னால், ஹெல்மெற்றைக் கழற்றாமலே நின்ற சயந்தினி எல்லாவற்றையும் போனில் பிடித்தாள். படகோட்டியின் வாயாலேயே வந்துவிட்டது! அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

சயந்தினி நெடுந்தீவுப் பிள்ளை. யாழ்ப்பாணத்தில் தங்கி ஊடகக் கல்வி படிக்கிறாள். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தால் படகில் இந்தச் சண்டைதான். மற்ற நாளெல்லாம் நேரத்துக்குப் போகும் கடைசிப் படகு, வெள்ளியில் மட்டும் அசையாது. யாரோ பெரிய இடத்து ஆளுக்காக ஊரையே காக்க வைக்கிறார்கள் என்று நேற்று ஒரு பத்திரிகை ஆசிரியரிடம் சொன்னாள்.

"அந்த ஆளின்ர முகத்தைப் பிடிச்சுக்கொண்டு வாரும். முன்பக்கத்தில போடுறன். நிருபர் வேலையும் உமக்குத்தான்," என்றார் அவர்.

அதுதான் இன்றைக்குப் பின்னேர வகுப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு, சிநேகிதியின் ஸ்கூட்டியில் வேளைக்கே வந்து ஒளிந்து நிற்கிறாள்.

யாழ்ப்பாண பஸ் வந்தது. சயந்தினி போனை உயர்த்தினாள். இறங்கிய நாலைந்து பேரும் நயினாதீவுப் படகுப் பக்கம் நடந்தார்கள். தயாபரன் ஓடிப்போய் பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, முகம் வாடித் திரும்பினார். அப்போதும் படகை எடுக்கவில்லை.

பெரிய மனிதர் பஸ்ஸிலா வருவார், கார் வரும் என்று சயந்தினி போனை வீதிப் பக்கம் திருப்பினாள்.

"பிள்ளைக்கு நெருப்பாக் கொதிக்குது! உங்களுக்கு மனச்சாட்சி இல்லையோ?" மேரிஜோசப்பின் அழுதேவிட்டாள்.

சயந்தினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கார் வந்தாலென்ன, வராவிட்டாலென்ன? ஹெல்மெற்றைக் கழற்றிக்கொண்டு ஓடிப்போய், போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"சொல்லுங்கோ அண்ணை! இவ்வளவு சனத்தையும் வருத்தி ஆருக்காக நிக்கிறியள்? ஆர் அந்தப் பெரிய மனிசர்?"

அவளைக் கண்டதும் தயாபரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"எங்க பிள்ளை நிண்டனீர்? பஸ்ஸிலயும் காணேல்லையெண்டு பதறிப்போனன்!" கட்டியிருந்த கயிற்றை அவசரமாக அவிழ்த்தார். "வகுப்பு முடிஞ்சு நீர் வாற பஸ் எப்பவும் பிந்தித்தானே. படகை எடுத்தா, பொம்பிளைப் பிள்ளை இரவு முழுக்க இந்தத் துறையில தனியவோ நிக்கிறது? கெதியா ஏறும், பாவம், அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல்."