சகனில் ஓர் இடம்

முழங்கால் மடங்கியது.

முதலில் வலது. கொஞ்சம் யோசித்துவிட்டு இடது. பிறகு அவன் சமுக்காளத்தின் மேல் உட்கார்ந்தே விட்டான்.

கல்யாணப் பந்தலில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. நல்லதுதான்.

முந்திய கல்யாணங்களில் எல்லாம் அவன் பருமனுக்கு நாற்காலி போட்டார்கள். கைத்தடிப் பெரியவர்களோடு ஓரமாக. மடியில் ஒரு தனித்தட்டு. மரியாதையாகத்தான் போட்டார்கள். மற்றவர்கள் சகனைச் சுற்றி மூன்று மூன்று பேராகத் தரையில் உட்கார்ந்து, ஒரே தட்டில் கைவைத்து, ஒருவரை ஒருவர் வம்புக்கிழுத்துச் சாப்பிடுவார்கள். அவன் மேலிருந்து பார்ப்பான்.

அங்கே போய் உட்காரத்தான் இத்தனையும்.

விடியலில் கடற்கரை நடை. இரவில் கீரையும் சுண்டலும். சீனி போடாத தேயிலை. உடம்பு இறங்க இறங்க ஊர் விசாரித்தது. சுகரா? மனக்கஷ்டமா? அவன் நடந்துகொண்டே இருந்தான்.

சமுக்காளத்துக்கு அடியில் மணல் குளிர்ந்தது.

சகன் வந்தது. பெரிய தட்டு நிறைய நெய்ச்சோறு. உச்சியில் ஆட்டுக்கறி. ஓரத்தில் கத்தரிக்காய்.

வலப்பக்கம் அவன் மனைவியின் அண்ணன் நெய்னா. இடப்பக்கம் அடுத்த வீட்டுப் பெரியவர் மொகுதூம் காக்கா.

நெய்னா அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“என்ன மச்சான், இப்படி உருகிப் போயிட்டீங்க? எந் தங்கச்சி சோறு போடுறாளா, இல்ல வருஷம் பூராவும் நோன்பு வைக்கச் சொல்லிட்டாளா?”

காக்காவின் தாடி குலுங்கியது. அவனும் சிரித்தான்.

பிஸ்மில்லா சொல்லி மூன்று கைகளும் இறங்கின.

அவரவர் பக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆனால் நல்ல துண்டு கண்ணில் பட்டால் அடுத்தவர் பக்கம் தள்ளிவிடலாம். தள்ளுவதுதான் அழகு.

நெய்னா ஒரு தொடைக்கறியைத் தள்ளினார்.

காக்கா ஒரு நெஞ்செலும்பைத் தள்ளினார்.

தனித்தட்டில் யாரும் எதையும் தள்ளியதில்லை.

அவனுக்கு ஒரு கைப்பிடிச் சோறு. ஒரு துண்டு கறி. அவ்வளவுதான். அதைத் தாண்டினால், இன்று ஒரு நாள்தானே என்று மனசு சொல்லும். நாளை மாப்பிள்ளை வீட்டு வலீமா விருந்து. மறுநாள் பெண் வீட்டு விருந்து. இந்த ஊரில் அந்த ஒரு நாள் முடிவதே இல்லை. அப்புறம் மறுபடி நாற்காலிதான்.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லலாம்.

சொன்னால், அந்த இரண்டு கைகளும் நின்றுவிடும்.

ஆகவே அவன் மெதுவாகச் சாப்பிட்டான்.

ஒரு பருக்கை. இன்னொரு பருக்கை. பட்டை மணம். நெய்யில் சிவந்த ஒரு வெங்காய இழை, அதற்கே இத்தனை ருசியா என்று கண்ணை மூடினான். கத்தரிக்காயை எடுக்கிற சாக்கில் தொடைக்கறியைக் காக்கா பக்கம் நகர்த்தினான். காக்கா சளைக்கவில்லை. அது நெய்னாவிடம் போய், சுற்றிக்கொண்டு மறுபடி அவனிடம் வந்தது. அவன் அதை உச்சியில் ஏற்றி வைத்தான்.

விரல்கள் மட்டும் ஓயவில்லை. கை சோற்றுக்குள் இருக்கும்வரை, அவன் சாப்பிடவில்லை என்று யார் கண்டுபிடிப்பது?

சோறு குறைந்துகொண்டே வந்தது. பக்கத்துச் சகன்காரர்கள் எழுந்து கைகழுவப் போனார்கள். அவன் பிசைந்துகொண்டிருந்தான்.

நெய்னா அவனைப் பார்த்தார். முகம் இளகியது. பந்தலுக்கே கேட்கிற மாதிரி குரல் கொடுத்தார்.

“இங்கே சோறு கொண்டாங்கப்பா! மச்சானுக்கு இன்னும் பசி ஆறல!”

மறுபடி ஒரு குன்று விழுந்தது. மேலே மறுபடி கறி.

அவனுக்கு வியர்த்தது. ஒரு பருக்கையை எடுத்து வாயில் போட்டான்.

நெய்னாவும் சாப்பிட்டார். காக்காவும் சாப்பிட்டார். இந்த வயதிலும் காக்காவுக்கு என்ன பசி என்று அவன் வியந்தான். நெய்னா இடுப்புப் பெல்ட்டை ஒரு துளை தளர்த்தினார். ஒவ்வொரு கவளத்துக்கும் முன்னால் மூச்சை இழுத்து விட்டார். இருவரும் பேச்சை விட்டிருந்தார்கள். இருவரும் அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கறி எலும்பானது. சோறு தட்டின் பூவேலை தெரிகிற அளவுக்கு வந்தது.

காக்கா ஓர் ஏப்பத்தை அடக்கினார். அடங்கவில்லை.

“தம்பி, அல்லாவுக்காகக் கையை எடுப்பா. நீ எடுக்காம நாங்க எப்படி எடுக்குறது?”

அவன் விரல்கள் நின்றன.

கூட உட்கார்ந்தவர் பசியோடிருக்க, நாம் முந்திக் கை எடுப்பதில்லை. மீசை முளைக்கும் முன்பே தெரிந்த விஷயம். தனித்தட்டில் அது மறந்துபோயிருந்தது.

கையை எடுத்தான்.

மற்ற இரண்டு கைகளும் அதற்குள் சகனுக்கு வெளியே இருந்தன. காக்கா மெதுவாகப் பின்னால் சாய்ந்து பந்தல் கம்பத்தில் முதுகைக் கொடுத்தார். சிரிப்பு வந்தது. சிரிக்க இருவருக்கும் வயிற்றில் இடமில்லை.

இனி எழ வேண்டும்.

அவனுக்கு உட்காருவதைவிட எழுவதுதான் பெரும்பாடு. ஒரு காலத்தில் இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கியிருக்கிறார்கள். பந்தலே திரும்பிப் பார்த்திருக்கிறது. அந்த நினைப்பில் குனிந்த தலை நிமிராமல், இடது உள்ளங்கையை ஊன்றினான். முழங்காலில் ஒரு சொடக்கு. சமுக்காளம் கொஞ்சம் சுருங்கியது. பாதி எழுந்தான்.

நெய்னாவின் கை நீண்டது.

அவன் காது சூடானது.

“வேணாம் மச்சான். நானே எந்திரிச்சுக்குவேன்.”

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

அது கீழேயிருந்து, தூக்கிவிடச் சொல்லி நீண்டிருந்தது.